ஊதிக் காட்டும்

பனச்சமூட்டுச் சந்தையில்
ரோட்டுக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கேரளம்.
நடுவில் ஒரு கோடுகூடப் போட்டு வைக்கவில்லை.
போடாத அந்தக் கோட்டின்மேல் வந்துகொண்டிருந்தேன்,
பையில் இரண்டு கிலோ மரச்சீனி.
மீன்கார புஷ்பலீலா பின்னாலிருந்து கூப்பிட்டாள்.
இடது பக்கம் திரும்பினேன்.
அவ்வளவுதான்.
ரோடு எழுந்து ஒருக்களித்துப் படுத்தது.
மரச்சீனி கேரளத்துக்கு உருண்டது.
நான் தமிழ்நாட்டில் உட்கார்ந்திருந்தேன்,
உட்கார்ந்த பிறகும் விழுந்துகொண்டிருந்தேன்.

"காலையிலேயே ஏத்தியாச்சு போல."
எந்த மாநிலத்துக் குரலோ.

ஆறு வருஷமும் நாலு மாசமும்
ஒரு சொட்டு தொடாதவன் நான்.
வீட்டுக்குப் போனால் றோசிலி வாசலில் நிற்கிறாள்.
செய்தி எனக்கு முன்னால் நடந்து வந்திருக்கிறது.
அதற்குத் தலை சுற்றாது.
"ஊதிக் காட்டும்" என்றாள்.
ஊதினேன்.
சுக்குக்காப்பி.
இன்னொரு தரம் ஊதச் சொன்னாள்.

பால் வெட்டுகிறவனுக்கு விடிவது மூன்றரை மணிக்கு.
நெற்றியில் விளக்கு, காலடியில் ஆறுகாணிச் சரிவு,
முந்நூற்றுப் பத்து மரம்.
குனிந்து, பட்டையில் கத்தியை இழுத்து,
சிரட்டையை நேராக்கி, நிமிர்ந்து,
அடுத்த மரத்தில் மறுபடி குனிந்து.
யோசித்தால், கூலியே அந்தக் குனிவுக்கும் நிமிர்வுக்கும்தான்.
தலை திரும்பினால் வெளிச்சம் திரும்புகிறது,
வெளிச்சம் திரும்பினால் தோட்டமே திரும்புகிறது.
கண்ணுக்குப் பிடித்துக்கொள்ள
ஒரு சுவருண்டா, ஜன்னலுண்டா அங்கே?
பகலில் தள்ளாடுகிறவன் இருட்டில் விழுவான்.
விழுந்தேன், தொண்ணூற்றோராவது மரத்தில்.
முந்தின நாள் மழை. சருகு வழுக்கல்.
மூன்று தட்டு கீழே
வேர் ஒன்று விலாவில் குத்தி நிறுத்தியது.
கத்தி எங்கே போனதென்று தெரியவில்லை.
முதலில் கழுத்தைத் தடவிப் பார்த்தேன்.

வெள்ளறடை ஆஸ்பத்திரியில் ஷைனி டாக்டர்
கட்டிலில் சாய்த்துத் தலையை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு
இடது பக்கம் திருப்பினார்.
"கண்ணு தொறந்து வைக்கணம்."
உத்தரம் ஓடியது, மின்விசிறி ஓடியது,
அவருடைய மூக்குத்தி மட்டும் பல இடத்தில் இருந்தது.
கட்டில் கம்பியை விடவேயில்லை நான்.
"ஓ, அதாணு" என்றார்,
தொலைந்த சாவி கிடைத்த மாதிரி.
காதுக்குள்ளே பொடிக்கல். இடம் மாறிவிட்டதாம்.
எறும்பு தூக்கும் உப்பைவிடச் சின்னது,
எழுபத்தெட்டுக் கிலோ ஆளை உருட்டுகிறது.
தலையை வலது பக்கம் திருப்பி எண்ணினார்,
உடம்பைப் புரட்டி எண்ணினார், உட்காரவைத்தார்.
"இது கொண்டு மரிக்கில்லா. வீழாதே நோக்கணம்."

இந்த வியாதிக்குச் சாவில்லை,
சரிவுக்கு உண்டு.

கிளம்பும்போது கேட்டேன்:
குடியில்லை என்று ஒரு சீட்டு எழுதித் தருவீர்களா?
சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து
எழுதி, சீல் வைத்துக் கொடுத்தார்.
மலையாளத்தில்.
எங்கள் வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாது.
றோசிலி அதை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்து
சந்தைக்கு நடந்தாள்.
புஷ்பலீலா செதிள் ஒட்டிய கையால் வாங்கி
அயிலைக்கு விலை கூவுகிற தொண்டையில் வாசித்தாளாம்,
இரண்டு மாநிலத்துக்கும் கேட்கும்படி.

இப்போது கழுத்தை மட்டும் திருப்புவதில்லை,
முழு ஆளாகத் திரும்புகிறேன், லாரி மாதிரி.
விழிக்கிறதும் எழுந்திருக்கிறதும் தனித்தனி வேலை,
நடுவில் கட்டில் விளிம்பில் ஒரு ஜெபம்.
செங்குத்தில் நிற்கும் நாற்பது மரத்தை விட்டுவிட்டேன்.
முதலாளிக்கு இன்னும் சொல்லவில்லை.

மூன்றரை மணிக்கு றோசிலியும் கூட வருகிறாள்.
என் இடது பக்கமாகத்தான் நடப்பாள்.
ஏதாவது சொல்ல வேண்டுமென்றால்
கூப்பிடுவதில்லை.
சுற்றி வந்து, எனக்கு நேர் எதிரே நின்று,
வெளிச்சத்தில் கண் கூச,
சொல்கிறாள்.