கடைசித் தாள்

லீ பஜார் பக்கம் பழைய பேப்பர் கடையில்
மின் கட்டண ரசீதுகளுக்கும்
யாரோ எழுதிப் பாதியில் விட்ட கணக்கு நோட்டுக்கும் நடுவே
அது குப்புறக் கிடந்தது.
முதுகைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.
சணல் கோத்துக் கோணலாகத் தைத்த கை
ஜக்கரியா பாயின் கை.

உப்புத்தீவு மிருகம். விலை ஒன்று ஐம்பது.
தொண்ணூறு கிராம் என்றது தராசு.
"சும்மா எடுத்துக்குங்க மேடம்."
பத்து ரூபாய் வைத்துவிட்டு வந்தேன்.
இந்த முறையாவது
என் பேரில் இருக்கட்டும் என்று.

குகையில், மசூதிக்குப் பின் சந்தில்
பாயின் வாடகை நூலகம். ஓர் இரவுக்கு இருபது காசு.
பொம்பளப் பிள்ளை போனால்
கோலப் புத்தகத்தை எடுத்து நீட்டுவார்.
பூதம், பிசாசு, பல் முளைத்த தீவு எல்லாம்
மேல் தட்டில், பையன்களுக்கு.
ஆகவே நோட்டில் தம்பி பெயரை எழுதினேன்:
வா. குணசீலன், மூன்றாம் வகுப்பு, ஆ பிரிவு.
கரப்பான் பறந்தாலே காய்ச்சல் வரும் அவனுக்கு.
நோட்டுப்படி பார்த்தால்
அரக்கர் கதையில் அவனை மிஞ்ச
சேலத்தில் ஆளில்லை.

சாப்பாட்டு மேஜையில் விரித்தேன்.
அச்சு விலகிய புத்தகம்.
கறுப்புக் கோடு ஓரிடம், சிவப்பு ஓரிடம்.
காயத்துக்கு அரை விரல் தள்ளி ரத்தம்.
கதாநாயகியின் உதட்டுச்சாயம் கன்னத்தில்.
மிருகத்தின் கண்சிவப்பு
கண்ணை விட்டுக் கழன்று
காற்றில் நிற்கிறது.
பத்து வயதில் அது பிழையாகப் படவில்லை.
மேக்னசைட்டில் ஷிஃப்ட் முடிந்து அப்பா வருவார்,
புருவம் வரை வெள்ளைக்கல் தூள்.
அவர் சைக்கிளை நிறுத்துமுன்பே
சிவப்பு வாசலைத் தாண்டி
உள்ளே வந்துவிடும்.

பதினோராம் பக்கத்தில் மிருகத்துக்கு நான்கு கால்விரல்.
பதினாறில் மூன்று.
வரைந்தவர் மறந்திருப்பார், அவ்வளவுதான்.
நானோ அந்த விரலைத்
தாள் தாளாகத் தேடினேன்.
கிடைக்காமல் போக, ரஃப் நோட்டில்
ஒரு கட்டம் நானே போட்டேன்:
பாறைக்குப் பின்னால் அது தனியாக உட்கார்ந்து
காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.
புத்தகம் முழுக்க அதற்கு ஒரே வசனம், க்ர்ர்ர்ர்.
என் பலூனில் மட்டும்
ஸ்ஸ்ஸ் என்று எழுதினேன்.

கடைசித் தாள் இல்லை.
அன்றும் இல்லை.
திருப்பிக் கொடுத்தபோது பாய் விரல் வைத்துப் பார்த்து
முழு விலையும் அபராதம் போட்டார்,
குணசீலன் பெயருக்கு நேராக.
தட்டுவடை செட்டுக்குச் சேர்த்த காசு.
நாற்பத்தோரு வருஷம்
அந்த மிருகத்தை விதவிதமாக முடித்தாயிற்று.
கடலில் தள்ளினேன். கல்லாக்கினேன்.
பெரியாஸ்பத்திரியில் வலியெடுத்த இரவு மட்டும்
ஏற்காட்டு மலைப்பாதையில் அதை நடத்திக் கூட்டிப்போய்
பதினேழாவது கொண்டை ஊசி வளைவில் நிறுத்தி
கீழே ஊர் விளக்குகளைக் காட்டினேன்.
முழங்கால் வலிக்குதா என்று கேட்டேன்.
க்ர்ர்ர்ர் என்றது.

ஓசூருக்குப் போன் போட்டேன்.
குணா, அந்தப் புக்கு கிடைச்சிருக்குடா.
எதிர்முனையில் மின்விசிறிச் சத்தம்.
"நான்தான்க்கா கிழிச்சேன்.
கரண்டு போன அன்னிக்கு. நீ தூங்கிட்ட.
மெழுகுவத்தில படிச்சேன்.
முப்பதாம் பக்கத்துல துப்பாக்கியோட சுத்தி நிக்கிறாங்க.
அடுத்த தாளைத் திருப்பவே இல்ல,
அப்படியே கிழிச்சுக் கெணத்துல போட்டுட்டேன்."

அப்படியென்றால் நோட்டில் எழுதியது
முழுப் பொய்யில்லை.

அவ்வளவு பயமாடா அதுக்கு, என்றேன்.
"அதுக்கு இல்லக்கா.
அதுக்காக."

அபராதக் காசைக் கூகுள் பேயில் அனுப்பு என்று
சிரித்துவிட்டு வைக்கப் போனேன்.
இருக்கா, என்றான்.
"அதுக்கு ஒரு விரல் காணாமப் போகுமே,
நடுவுல எங்கயோ...
அது எப்படின்னு உனக்குத் தெரியுமா?"