பதினொரு செக்கன்

கறுப்பு வெள்ளைப் படம். மெக்சிக்கோ.
அடியில் ஓடிய ஆங்கிலத்தைப் பார்த்துப் பார்த்து
தமிழில் வரிவரியாக அடித்தேன்,
கல்லடியில், கரண்ட் இருந்த இரவுகளில்.
நானூற்றுப் பன்னிரண்டாம் வரிவரை தடங்கலில்லை.

கதாநாயகிக்கு முகத்தில் மண்ணிறம் பூசியிருந்தார்கள்,
கழுத்தை மறந்துவிட்டார்கள்.
இரட்டைப் பின்னலோடு நன்றாகவே அழுகிறாள்.
பின்னால் நிற்பவர்களுக்குப் பூச்சுத் தேவைப்படவில்லை.
சோளக் கூடை சுமந்து நிற்கிறார்கள், தூரத்தில்.
இடிந்த கோயிலின் கல்முகங்களுக்கு
அவர்களைவிடக் கிட்டத்தில் கமரா போயிருக்கிறது,
ஒவ்வொரு மூக்குக்கும் தனி வெளிச்சத்தோடு.

அப்போது கூடைக்காரி ஒருத்தி வரிசை கலைந்து
நேரே எங்களைப் பார்த்துப் பேசுகிறாள்.
பதினொரு செக்கன்.
ஆங்கிலத்தில் அதற்கு இருந்தது இவ்வளவுதான்:
பூர்வகுடி மொழியில் பேசுகிறாள்.
நானும் அடைப்புக்குறி போட்டு
அதையே அடித்துவிட்டுப் படுத்தேன்.

மாசியில் வாகரைக்குக் கொண்டுபோனோம்.
பலநோக்கு மண்டபம், ஒரு வெள்ளைச் சீலை,
வெளியே இருமிக்கொண்டிருந்த ஜெனரேட்டர்.
குஞ்சன்கல்குளத்திலிருந்து லான்ட்மாஸ்டரில் வந்தார்கள்.
புத்தகங்கள் வேடர் என்று எழுதும் சனம்;
கணக்கெடுக்க வந்தவர் கேட்காமலே
தமிழர் என்று கோடிட்டுப் போனாராம்.
நண்டுப் பெட்டி ஏற்றிய ஈரக் கையோடும் சிலர்.

நானூற்றுப் பன்னிரண்டு வந்தது.
"திருப்பிப் போடுகா."
தவமலர். இடுப்பில் பிள்ளை.
போட்டேன்.
"இன்னொருக்கா."
மூன்றாம் முறை பின்வரிசைப் பொடியன் ஒருவன்
அந்த வாயசைவுக்குச் சரியாகக் குரல் கொடுத்தான்:
"ரெண்டு நாளாச்சு, சம்பளம் எங்க சேர்?"
சீலை ஆடுமட்டும் சிரித்தது மண்டபம்.

எனக்கு விளங்கவில்லை. பிறகு சொன்னார்கள்.
போன வருசம் ஒரு வீடியோக் கூட்டம் வந்ததாம்.
ஆம்பிளைகளைச் சேர்ட் கழற்றச் சொன்னார்களாம்,
கைக்கடிகாரத்தையும்.
ஓட்டு வீடுகள் விழாதபடி கமராவைத் திருப்பி
அவசரமாய் ஒரு கொட்டில் கட்டினார்களாம்.
வில் அவர்களே கொண்டுவந்த வில்.
தவமலரின் கையில் ஒரு தேன் போத்தல்,
உள்ளே பிளேன்டீ.
"இது தேயிலத் தண்ணி" என்று
கமராவுக்கே சொல்லியிருக்கிறாள்.
வெட்டிவிட்டார்கள்.
சோற்றுப் பார்சல் வந்தது, ஏழு குறைய.

சடங்கில் சொல்லும் சொற்களையும் கேட்டார்களா என்றேன்.
"கேட்டாங்க.
தெய்வம் வந்தா வரும் அது.
கமரா வந்தா வராது."
மேசையில் என் போன் பதிவில் கிடந்தது.
அவள் பார்த்தாளா தெரியாது.
அணைத்தேன்.

பனிச்சங்கேணிப் பாலத்தில் காற்று
வானை ஒரு பக்கம் தள்ளியது.
யாரும் பேசவில்லை, சாரதி மட்டும்
அந்தப் பொடியனின் வசனத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பழைய படச்சுருள் பாதுகாக்கும் அலுவலகம் ஒன்றுக்கு
அந்த வாரமே எழுதினேன்.
பதில் வர ஆவணியாகிவிட்டது.
அந்த மொழிக்காரர் ஒருவருக்குப் போட்டுக் காட்டினார்களாம்.
அவருடைய ஊர்ப் பேச்சல்ல,
மலைக்கு அந்தப்புறத்துப் பேச்சு,
பாதிதான் பிடிபட்டதாம். அந்தப் பாதி:
இந்தச் சோளம் கடதாசி.
இதை ஏன் என்னைத் தூக்கச் சொல்கிறாய்?

தவமலருக்குக் குரல் அனுப்பினேன்.
இரண்டு நீலக்கோடு, அன்று முழுக்க வேறொன்றுமில்லை.
மறுநாள் விடிய, நண்டு நிறுக்கும் சத்தத்துக்குள்ளிருந்து:
"மத்தப் பாதி?"
கொஞ்சம் பொறுத்து இன்னொன்று:
"அவட பேரென்ன?"

பெயர்ப் பட்டியலை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.
குதிரைக்குப் பெயர் இருக்கிறது.

அடைப்புக்குறியை அழித்தேன்.
கடதாசிச் சோளத்துக்கு ஐந்து செக்கன் போதும்.
மிச்சம் ஆறுக்கு ஒன்றும் அடிக்கவில்லை,
அவள் வாய் அசைகிறது,
எழுத்து ஏதும் அதை மறைக்காமல்.