ஐம்பது அங்குல இருட்டு

ஹம்மர்ஃபெஸ்ட்டில் டிவி வாங்குகிறவர்
முதலில் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும்.
நவம்பர் கடைசியில் இறங்கும் சூரியன்
ஜனவரி கடைசியில்தான் தலை நீட்டும்.
மே பாதியில் ஏறினால்
ஜூலை முடியும்வரை அதற்கு இறங்கத் தெரியாது.
நடுவில் கிடக்கும் மாதங்களைத்தான்
நாங்கள் வானிலை என்கிறோம்.

வாடகையைப் போலவே இதிலும்
பாதி என் காசு, பாதி சிந்த்ரேயின் காசு.
அவன் விளையாடுவது கால்பந்து.
நான் விளையாடுவது குகை:
கையில் ஒரு தீவட்டி, நான்கு அம்பு,
சுவரோடு சுவராக மூச்சுவிடும் ஏதோ ஒன்று.

கடையில் இரண்டையும் அடுத்தடுத்து மாட்டியிருந்தார்கள்.
இரண்டிலும் அதே ஆமை நீந்திற்று.
எல்சிடி ஆமை பளிச்சென்று, கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி.
பிளாஸ்மா ஆமை கொஞ்சம் மங்கல்.
"ட்யூப்லைட்டை நம்பாதீர்கள்" என்று
விற்பனையாளன் ஓட்வார்
எங்களைக் கிடங்குக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினான்.
அங்கே எல்சிடி சாம்பலைக் காட்டிக் கறுப்பு என்றது.
பிளாஸ்மாவில் மை இருட்டு,
கை விட்டால் மணிக்கட்டுவரை காணாமல் போகும்.
நான் அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

சிந்த்ரேயின் கணக்கு வேறு.
எல்சிடியில் ஓடும் பந்துக்கு வால் முளைக்கிறது.
பொத்தானை அழுத்தியதற்கும் கால் எழுவதற்கும் நடுவே
அரை மாத்திரை பிந்துகிறது.
'க்' என்று சொல்லும் நேரம்தான்,
அந்தக் 'க்'கில் கோல் விழுந்துவிடும்.
பிளாஸ்மாவுக்கு வேறு நோய்:
அசையாத எதையும் அது மறப்பதில்லை.
கால்பந்தில் அசையாதது ஒன்றே ஒன்று,
இடது மேல் மூலையில் கோல் கணக்கு.
"முப்பத்தெட்டு கிலோ" என்றான் ஓட்வார். "எந்த மாடி?"
மூன்றாவது.

முதல் நூறு மணி நேரம் வெளிச்சத்தைக் குறைத்துவைத்தோம்,
பிள்ளை பெற்ற வீடு மாதிரி
மெல்லப் பேசி நடந்தோம்.
அந்தக் குளிருக்கு அது அடுப்பாகவும் இருந்தது.
அதன் முதுகுச் சூட்டில் கையுறை காய்ந்தது,
கீழ்வீட்டுப் பூனை குடிபெயர்ந்தது.
குகையில் நான் அறுபது தடவை செத்தேன்,
ஒவ்வொரு தடவையும் மனநிறைவோடு.
எது கொன்றதென்று உண்மையிலேயே தெரியவில்லை.

பிப்ரவரியில் ஒரு வெள்ளி.
எரிவாயு ஆலையில் இரட்டை ஷிஃப்ட் முடித்து வந்தவன்
எழுபதாவது நிமிடத்தில் ஆட்டத்தை நிறுத்திவைத்து
பூட்ஸோடு தூங்கிவிட்டான்.
நான் ஆல்டாவில், அக்கா வீட்டில்.
பதினாறு மணி நேரம்.

அணைத்தான், போட்டான்: 0–2.
வெறும் வெள்ளையை இரண்டு நாள் ஓடவிட்டான்.
வெளிறிற்று, போகவில்லை,
வெந்நீர் கொட்டிய கை மாதிரி.
அவன் மன்னிப்புக் கேட்கவில்லை.
"தோற்கும்போதா நிறுத்தினாய்?"
அது மட்டும்தான் நான் கேட்டது.

ஏப்ரலில் ஸ்டாவாங்கரில் வேலை கிடைத்துப் போனான்.
தன் பாதியை வெட்டி எடுத்துப்போக முடியாதே,
மின்கட்டணத்தில் கழித்துக்கொள் என்றான்.
மின்கட்டணம் ஏறியதே இதனால்தான்
என்று நான் சொல்லவில்லை.

இப்போது ஜூன். இரவு ஒன்றரை.
சூரியன் சோபாவில் உட்கார்ந்திருக்கிறது.
குகைக்குள் தெரிவது
சன்னல், துறைமுகம், ஒரு கிரேன்,
உள்பனியனோடு நான்.
எல்சிடி இந்த வெயிலைத் தாங்கியிருக்கும்.
சன்னலுக்கு அலுமினியத் தாள் ஒட்டினேன்,
அதன்மேல் போர்வையை ஆணியடித்தேன்.
ஒரு கீற்று எப்படியோ நுழைந்து
நான்கு அம்பையும் தின்கிறது.

நேற்று சிந்த்ரே போனில் கேட்டான்: "இன்னும் தெரிகிறதா?"
இருட்டில் தெரியாது என்றேன்.
மீதியைச் சொல்வதற்குள் கப்பல் சங்கு ஊதிற்று,
அவன் பக்கமா, என் பக்கமா.

மீதி இதுதான்:
போன வாரம் குகையை முடித்துவிட்டேன்.
கடைசிப் படி ஏறினால் வெளியே பனிவெளி,
கண் கூசும் வெள்ளை, காலடி ஒன்றுகூட இல்லை.
அந்த வானத்தின் இடது மூலையில்
0–2, எழுபதாவது நிமிடம்.

இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது.