பசைத் துவக்கு

மத்திய வீதிக் கடையில் ஒரு செட்
ஒரு நாள் வாடகை முப்பத்தெட்டாயிரம்.
கல்லொன்று கழன்றால் ஐந்நூறு தனி
என்று சொன்னபடியே கடைக்காரி
என் இடுப்பை அளந்தாள்.
யோசிச்சுச் சொல்லுறன் என்றேன்.
யோசிக்க ஒன்றுமில்லை.
கைப்பையில் நாலாயிரத்து இருநூறு.

அம்மா முதலில் பயந்தது
பசைத் துவக்குக்குத்தான்.
பார்சலைப் பிரித்த தம்பி
அந்தப் பெயரைச் சொன்னதும்
எழும்பிப்போய்க் கதவைச் சாத்தினா.
விசையை அழுத்தினேன்.
வெந்த சவ்வரிசி போல
முனையில் ஒரு சொட்டு.
இவ்வளவுதானா என்றா.
பாலையூற்றில் எங்கள் வீட்டில்
துவக்கென்று ஒன்றைப் பார்த்து
அவ சிரித்தது அன்றைக்குத்தான்.

கருகிப்போன மின்விசிறியின் வயிற்றைப் பிளந்து
செப்புக்கம்பி எடுத்தோம்.
கிண்ணியாப் பாலம் கடந்து சிஹானா
தைத்து மிஞ்சிய மணிகளை
மாஜரின் டப்பாவில் கொண்டுவந்தாள்.
சிவப்பில் இருபது குறைந்தது.
வெள்ளைக்குக் கியூட்டெக்ஸ் பூசி
வெயிலில் வைத்தோம்;
எறும்பு ஒன்று ஒட்டிக்கொண்டது,
அதுவும் கல் மாதிரித்தான் இருந்தது, விட்டுவிட்டோம்.

கோர்க்க நூல்
திருக்கடலூரிலிருந்து அவர் கொடுத்துவிட்டார்,
பாரைக்குப் போடுகிற தங்கூசி.
பத்துக் கிலோ தாங்கும்
என்று சொல்லச் சொன்னாராம்.
என் நகைப்பெட்டியில்
தங்கம் இருந்தது அது ஒன்றில்தான்,
அதுவும் பெயரில்.

வங்கி எனக்கு இரண்டு.
ஒன்று புயத்தில் பூட்டுவது:
தண்ணீர்க் குழாயில் அறுத்த வளையம்,
மேலே பொன்னிறத் தாள்.
மற்றதற்குக் கண்ணாடிக் கதவும் காவலாளியும் உண்டு.
பாணுக்கும் மருந்துக்கும் எரிவாயுவுக்கும்
வரிசையில் நின்ற வருஷம்
நாலரைப் பவுணை அங்கே ஈடு வைத்தேன்.
வட்டி கட்டினேன்.
ஒரு தவணை விட்டேன்.
பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

ஒட்டியாணத்துக்குப் பிஸ்கட் அட்டை
சொன்னபடி வளைந்தது.
நெற்றிச்சுட்டிதான் அடங்கவில்லை.
அட்டை வைத்தால் தடிப்பு,
தாள் வைத்தால் துவளல்.
லாச்சியைக் கிளறியபோது
அந்தக் கடிதம் கையில் பட்டது.
மூன்று மொழியிலும், நல்ல மொத்தத் தாளில்:
நவரத்தினம் வசீகலா,
காப்பு ஒரு சோடி, சங்கிலி ஒன்று,
ஏலத்தில் விற்கப்பட்டது.
இரண்டாய் மடித்தேன்.
மாங்காய் வடிவில் வெட்டினேன்.
அளவெடுத்தது போல நின்றது.
கத்தரி போன போக்கில்
அப்பாவின் பெயரில் ‘நவ’ விழுந்துவிட்டது.
எட்டுக் கல்லைத் தொலைத்து
ஒரு ரத்தினம் மிஞ்சியது.
அதற்கு மேல்தான்
சிவப்பு மணி ஒட்டினேன்.
பாதியில் மின்சாரம் போனது.
பசை நூலாய் இழுபட்டு உறைய,
இருட்டில் அதைப் பிடித்தபடியே
ஒரு மணித்தியாலம் இருந்தேன்.

பத்திரகாளி கோயிலில்
ஒன்பது மணி வெயில்.
வாசலில் கட்டிய வாழையிலையை
ஒரு மான் சாவகாசமாய்த் தின்றது,
யாரும் விரட்டவில்லை.
ஓமச் சூட்டில் என் பசை இளகியது.
நெற்றிச்சுட்டி மெல்ல இடப்பக்கம் நழுவி
இமையில் வந்து தட்டியது.
கெட்டிமேளச் சத்தத்தில்
மூன்றாம் முடிச்சு முடிந்தபின்
அவர் விரல் மேலே வந்து
அதை நேராக்கியது,
தூண்டில் முடிச்சைச் சரிபார்ப்பது போல
ஒருமுறை இழுத்தும் பார்த்தது.
‘உள்ளுக்க என்ன எழுதியிருக்கு?’
காதருகில் கேட்டார்.
‘பிறகு சொல்லுறன்.’

இன்னும் சொல்லவில்லை.

நாலாம் நாள் சிஹானா போன் எடுத்தாள்.
தைக்க வந்த பிள்ளை படத்தைப் பார்த்து
செட்டை வாடகைக்குக் கேட்கிறாளாம்,
எவ்வளவு சொல்ல?
மணி விழுந்தால் காசில்லை
என்று முதலில் சொல்லு என்றேன்.
எறும்பு இருப்பதையும் சொல்லிவிடு.
நெற்றிச்சுட்டி மட்டும்
செட்டில் சேராது.