படியில் நிற்கும் சர்க்கரை

எண் பதினான்கின் கொழுப்பை
மார்ச் மாதம் முதல் எனக்குத் தெரியும்.
தொப்புளுக்கு நாலு விரற்கடை தள்ளி
ஊசி உறிஞ்சி வந்தது.
பழுத்த பண்ருட்டிச் சுளையின் மஞ்சள்.

வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு
கதிர்க்குறியிட்ட சர்க்கரை தந்து
இன்சுலின் ஒரு சொட்டு விட்டு
கோரிமேட்டு ஆய்வகத்தில் காத்திருந்தேன்.
திறக்கவே இல்லை என்று சொல்ல முடியாது.
கடன்காரனுக்குத் திறப்பதுபோல்
சங்கிலி மாட்டியபடி
ஒரு விரல் அகலம்.

கதவுகள் செல்லுக்கு உள்ளேதான் கிடக்கின்றன,
கிடங்கில்.
இன்சுலின் தட்டும்போது
சுவருக்குத் தூக்கி வரவேண்டும்.
தட்டினால் எழுந்து வர
யாருக்கும் மனமில்லை.

எட்டு வாரம் நடக்கச் சொன்னார்கள் அவரை.
வண்டி விடாத விடியலில் கடற்கரைச் சாலை,
டூப்ளே சிலையில் தொடங்கி
பழைய சாராய ஆலை மதிலைத் தொட்டுத் திரும்பி
மறுபடி டூப்ளே.

மே கடைசியில் இரண்டாம் ஊசி.
திரைக்கு அப்பால் ஒரு கரகரத்த குரல்:
"ரெண்டு மாசம் நடந்தேன் மேடம்,
அரைக் கிலோ எறங்கல.
ஒங்க மிஷின்தான் கோளாறு."
திரைக்கு இப்பால் நான்
குப்பி மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை எண்கள் ஏறின.
கருவியைத்தான் நானும் சந்தேகித்தேன்.
கழுவி, துடைத்து, மறுபடி வைத்தேன்.
அதே தொப்பை, அதே மஞ்சள்,
அதே ஒரு சொட்டு இன்சுலின்;
உள்ளே போன சர்க்கரை மட்டும்
ஏறக்குறைய இரண்டு மடங்கு.
நடந்தது கால்.
சும்மா குலுங்கிக்கொண்டு கூடவே போன கொழுப்புக்கு
யார் போய்ச் சொன்னது?

இதை அவரிடம் சொல்ல எனக்கு அனுமதியில்லை.
பெயர் பூட்டிய அலமாரியில்.

ஜூலையில் கடலூர் பேருந்து.
முதலியார்பேட்டையில் படியெல்லாம் ஆள்.
"உள்ள போ, உள்ள போ,
நடுவுல எடம் கெடக்குது,
படியில நிக்காத!"
அந்தக் கரகரப்பு.
சட்டையில் பெயர்ப்பட்டை: செங்கேணி.

சிரிப்பை அடக்க முடியவில்லை எனக்கு.
"இன்னும் நடக்கறீங்களா?"
கேட்டிருக்கக் கூடாது.

"எங்க? டபுள் டூட்டி. முட்டி வேற.
விட்டு ஒரு மாசம் ஆவுது.
ஒங்களுக்கு எப்பிடி..."

நடையை விட்டால்
கதவுகள் கிடங்குக்குத் திரும்பும்.
எத்தனை நாளில் என்று
நாங்கள் இன்னும் எண்ணவில்லை.

"கடலூர் ஒண்ணு" என்றேன் அவசரமாக.
சீட்டைக் கிழித்துத் தந்தார்,
பின்பக்கத்தில் நாலு ரூபாய் பாக்கி எழுதி.
யாரோ தள்ள
உள்ளே போனேன்.
நடுவில் இடம் இருந்தது.