கைவிளக்கு

கான்பெராவில் நாங்கள் இரண்டே பேர்.
நான் உட்கார்ந்திருப்பேன்.
பரூச்சா முன்னால் ஊர்ந்துபோய்
கண்ணாடிக்குப் பின்னே குப்புறப் படுப்பான்.
விழுவதைப் பார்ப்பது அவன் வேலை,
ஆடாமல் பிடிப்பது என் வேலை.
எட்டும் போனதும் விமானம் லேசாகும்;
அது வயிற்றில் தெரியும்,
பிள்ளையை இறக்கிவைத்த இடுப்பு மாதிரி.

எழுபத்தொன்று டிசம்பர். பௌர்ணமி கழிந்த மூன்றாம் இரவு.
ஆறுகள் மின்னி மின்னி வழி சொல்லின.
நம் பாலாறு யாரையும் இப்படிக் காட்டிக்கொடுக்காது
என்று நினைத்துக்கொண்டேன்,
மணல் பார்த்து வளர்ந்தவன்.

லாக் புக்கில்:
இரவு. இரண்டு மணி நாற்பது நிமிடம்.
ரயில் யார்டு. தாக்கப்பட்டது.
குறிப்பு என்ற கட்டத்தில் ஒரு சின்னக் கோடு.

இருபத்தெட்டு வருஷம் கழித்து
கண்ணில் அழுத்தம் என்று வேலூருக்கு வந்தான்.
ஆரணி ரோடு ஆஸ்பத்திரியில் நான்கு நாள்,
சொட்டு மருந்து, கறுப்புக் கண்ணாடி,
எங்கள் வெயிலுக்கு பார்சி வசவு.
திரும்பிப் போகும் வண்டி
காட்பாடியில் இரண்டு மணி நேரம் தாமதம்.

எதிரே யார்டில் ஷண்டிங்.
'உன் அப்பா இங்கேதானே?'
'பாயிண்ட்ஸ்மேன். முப்பத்தொரு வருஷம்.
விளக்குச் சிம்னி துடைக்க
அம்மாவின் புடவையைத்தான் கிழிப்பார்.'

அவன் டீயைக் குடிக்கவில்லை.
'அன்றைக்கு ஒரே பனி, எத்திராஜ்.
ஊரெல்லாம் இருட்டடிப்பு. யார்டு பிடிபடவே இல்லை.
திடீரென்று கீழே ஒரு விளக்கு ஓடியது.
அதை வைத்துத்தான் குறி எடுத்தேன்.
எந்தப் பைத்தியக்காரன்
அந்த நேரத்தில் விளக்கேற்றுவான்?'

'எப்படி ஆடியது?'

கேட்டபிறகுதான் கேட்டது தெரிந்தது.
அவன் பேப்பர் கப்பைத் தூக்கி
இடமும் வலமுமாக, வேகமாக,
வேட்டியில் டீ சிந்தச் சிந்த ஆட்டிக் காட்டினான்.
என் வேட்டியில்.

சிவப்புக் கண்ணாடி உடைந்திருந்தால்
வெள்ளையையே அப்படி ஆட்டவேண்டும்.
ஏழு வயதில் எனக்குத் தெரியும்.
ஏதோ ஒரு வண்டி உள்ளே வந்துகொண்டிருந்திருக்கிறது.
நிறைய பேரோடு.
நின்றதா என்று அவனைக் கேட்கமுடியாது.

'பைத்தியம்தான்' என்றேன்.

வண்டி வந்தது. ஏற்றிவிட்டேன்.
கடைசிப் பெட்டியில் கார்டு பச்சை காட்டினார்.
ஜன்னலில் பரூச்சா.
வழியனுப்பக் கை தூக்கினேன்.
அதுவும் பக்கவாட்டில்தானே ஆடுகிறது;
பாதியில் இறக்கி
சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டேன்.