கல்லொட்டி

மூன்று மணிக்குக் குலுக்கல்.
ஒன்றரைக்குக் கூட்டம் வற்றிவிடும்.
லாட்டரித் தட்டியை
பேக்கரி சிக்கந்தர் கண்பார்வையில் விட்டுவிட்டு
மூலத்தறைப் பாலத்தடியில் இறங்குவேன்,
புடவையை இழுத்துச் செருகி,
முழங்கால் தண்ணீருக்கு.

என் ஊர் மீனாட்சிபுரம்.
பெயரிலேயே மீனின் கண்.
எனக்கு அது வாய்க்க ஒரு மாசம் ஆயிற்று.

முதலில் மீனைத் தேடினேன். தப்பு.
கல்லைப் பார்க்கணும்.
பாசி படிந்த கல்லில்
யாரோ நகத்தால் வழித்த மாதிரி
சின்னச் சின்னத் தடம்.
தடத்தில் பச்சை ஊறியிருந்தால் பழசு.
கல்லின் சதை தெரிந்தால் இன்றைக்கு மேய்ந்தது.
அப்புறம் நிழல்.
நிழலுக்கு ஒரு விரற்கடை மேலே
மணலின் நிறத்தில்
ஓட்டத்துக்கு எதிரே தலைவைத்து
கல்லொட்டி.

விலை கிடையாது அதற்கு.
கட்லா பிடிக்கும் செல்லாண்டி
வலையை உதறும்போது
சருகோடு சருகாக அதையும் உதறுவார்.
"கோழிக்குப் போடலாம்" என்பார்.
"கோழியும் யோசிக்கும்."

கொசு அளவு முள்.
முள்ளில் ஓர் இழை பாசி.
வாய் அடியில் இருக்கிறது அதற்கு,
முகத்தின் முன்னே ஆட்டினால் மதிக்காது.
ஒரு முழம் மேலே போட்டு
தண்ணீரையே கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லணும்.
என் நிழல் பின்னால் விழணும்.
வளையல் பேசக் கூடாது.

இன்று வட்டப்பாறை ஓரத்தில் பெரியது,
என் நடுவிரல் நீளம்,
வாலடியில் கறுப்புப் பொட்டு.
பாசி உருண்டு போகிறது.
நிழல் நகரவில்லை.
இன்னும் நகரவில்லை.
வயிறு ஒருமுறை வெள்ளையாகப் புரண்டது,
கைக்கண்ணாடியை வெயிலில் சாய்த்த மாதிரி,
அப்போது பார்த்து
கெண்டைக்காலில் ஒரு குளிர்.
வேறு தண்ணீர்.

ஆழியாற்றில் திறந்துவிட்டிருக்கிறார்கள்.
கேட்டபோதெல்லாம் வராத பங்கு
டீ நிறத்தில் வருகிறது,
தேங்காய் மட்டையும் பேப்பர் டம்ளருமாக.
கல் போயிற்று. தடம் போயிற்று.
என் பாதமே எனக்குத் தெரியவில்லை.

நரம்பில் மட்டும் ஒரு துடிப்பு.
அதுவா, பெருக்கா?
பார்க்காமல் இழுக்க மனசில்லை,
நின்றுகொண்டிருக்கிறேன்.

பாலத்து மேலிருந்து சிக்கந்தர் கத்துகிறார்:
பொள்ளாச்சிக்காரர் ஒருத்தர்
காரை ஓரங்கட்டி நிற்கிறாராம்.
சீக்கிரம் வரணுமாம்.
கண்ணை மூடிக்கொண்டு
ஒரு சீட்டு எடுக்கணுமாம்.